பழைய பென்ஸ் வாங்குவதென்றால் எது: 123, 124, 210?

ஜெர்மனியில் பழைய பென்ஸ் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படுகிறவர்கள், தேடித் தேடிக் கடைசியில் இந்த மூன்று மாடல்களில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்: டபிள்யூ 123, டபிள்யூ 124, டபிள்யூ 210. கம்பெனி தன் வசதிக்காக வைத்துக்கொண்ட எண்கள்தான். இப்போது ஊரெல்லாம் அப்படியே சொல்கிறது. இன்றைய ஈ-கிளாஸ் வரிசையில் அடுத்தடுத்து வந்த மூன்று தலைமுறைகள் இவை.

கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது அவ்வளவு பெரிய விஷயமில்லை. சரியான எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் மூன்றுமே ஓடும். வித்தியாசம் தகரத்திலும் வயரிலும் பெயரிலும் இருக்கிறது. பெயருக்கும் விலை உண்டு. 123 வாங்கும்போது அதன் புகழுக்கும் சேர்த்துப் பணம் எண்ணி வைக்கிறீர்கள். 210 வாங்கும்போது அதன் கெட்ட பெயருக்காக உங்களுக்குத் தள்ளுபடி கிடைக்கிறது. அதனால் அந்தப் பெயர் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று தெரியாமல் பேரம் பேச உட்காரக் கூடாது.

பெயர் வந்த வழி

1886 ஜனவரி 29 அன்று கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலேயே இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். 1926-இல் பென்ஸ் கம்பெனியும் டைம்லர் கம்பெனியும் ஒன்றாயின. இவை எல்லோருக்கும் தெரிந்த கதைகள். கம்பெனியே ஒப்புக்கொண்ட இன்னொரு பக்கமும் உண்டு: 1944-இல் அங்கே வேலை செய்த 63,610 பேரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்ட மக்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். பென்ஸ் நட்சத்திரச் சின்னத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆனால் நீங்கள் வாங்கப் போகும் வண்டியின் விலையை ஏற்றிவிட்டவர்கள் பென்ஸ் தம்பதியர் அல்ல, டாக்சிக்காரர்கள். 1936-இல் வந்த 260 டி, தொடர் உற்பத்திக்குப் போன முதல் டீசல் கார்களில் ஒன்று. அதிலிருந்தே டாக்சி என்றால் டீசல் பென்ஸ் என்று ஜெர்மனியில் பழகிப் போனது. 1971-க்குப் பிறகு டாக்சிகள் யானைத் தந்தத்தின் நிறத்துக்கு மாறின. ரயிலடியில் இறங்கினால் அந்த நிறத்தில் வரிசை கட்டி நின்றவை பெரும்பாலும் பென்ஸ்தான். ஜெர்மனியில் ஓடித் தீர்ந்தவை மொராக்கோவுக்குப் போயின. அங்கே டிரைவர் போக முன்னால் இருவர், பின்னால் நால்வர் என ஆறு பயணிகளை ஏற்றிக்கொண்டு இன்னும் பல்லாண்டுகள் ஓடின. 1976-இல் தயாரான 240 டி ஒன்றை கிரேக்க டாக்சி ஓட்டுநர் ஒருவர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-இல் கம்பெனியிடமே கொடுத்தார்.

அந்தக் கிரேக்க வண்டியின் கதையை விற்கிறவர்கள் தவறாமல் சொல்வார்கள். எஞ்சின்களை மாற்றி மாற்றித்தான் அது அத்தனை தூரம் போனது. அதோடு அது 123 கூட இல்லை, அதற்கு முந்தைய 115. கேட்டுச் சிரித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பெயர் போன வழி

1980களின் இறுதிவரை பென்ஸ் கம்பெனியில் முதலில் வண்டியை வடிவமைப்பார்கள், அப்புறம் அதற்கு விலை வைப்பார்கள். 1989-இல் டொயோட்டா, லெக்சஸ் எல்எஸ் 400-ஐ அமெரிக்காவில் இறக்கியது. அமைதியிலும் செய்நேர்த்தியிலும் பென்ஸுக்கு இணையான வண்டி, விலை மட்டும் மிகக் குறைவு. அதன்பிறகு கணக்கு தலைகீழானது: என்ன விலைக்கு விற்க முடியும் என்று முதலில் முடிவு செய்து, அதற்குள் வண்டியை அடக்கினார்கள். அந்தக் காலத்துப் பிள்ளைதான் 1995-இல் வந்த 210.

பிறகு அடி மேல் அடி. 1997 அக்டோபரில் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று நடத்திய சோதனையில் புது ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. 1998-இல் அமெரிக்கக் கார் கம்பெனியான க்ரைஸ்லரோடு போட்ட கூட்டு 2007-இல் முறிந்தது. 2004-இல் மின்னணு பிரேக் கோளாறுக்காக 6,80,000 வண்டிகளையும், 2005-இல் வேறு கோளாறுகளையும் சேர்த்து 13 லட்சம் வண்டிகளையும் திரும்ப அழைத்தார்கள். டீசல் புகை விவகாரத்தில் 2019-இல் ஜெர்மனியில் 87 கோடி யூரோ அபராதம். இதில் ஏ-கிளாஸ் விஷயத்தைக் கம்பெனி சமாளித்த விதம் எனக்குப் பிடிக்கும்: வண்டி சறுக்காமல் பிடித்து நிறுத்தும் இஎஸ்பி கருவியை அந்தச் சின்ன வண்டி எல்லாவற்றிலும் கட்டாயமாக்கிவிட்டார்கள். துரு விஷயத்தில் அந்தச் சுறுசுறுப்பைக் காணோம்.

எதை வைத்து எடை போடுவது

முதலாவது துரு. ஜெர்மனியில் குளிர்காலச் சாலைகளில் உப்பு கொட்டுகிறார்கள். அது அடித்தகரத்தைத் தின்னும். எஞ்சினைக் கழற்றி மாற்றலாம், துருப்பிடித்த உடம்பை மாற்ற முடியாது. வெல்டிங் வேலைக்கு மணிக்கணக்கில்தான் கூலி. திறந்து பார்த்த பிறகுதான் எத்தனை மணி என்றே தெரியும்.

இரண்டாவது, யார் பழுது பார்ப்பார்கள். உங்கள் ஊர் மெக்கானிக் ஸ்பேனரோடு வருகிறவரா, லேப்டாப்போடு வருகிறவரா என்பதைப் பொறுத்துப் பொருத்தமான வண்டியும் மாறும்.

மூன்றாவது, வரியும் நகர நுழைவும். பலர் கோட்டை விடுவது இதில்தான். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இல்லாத பழைய டீசலுக்கு ஒவ்வொரு 100 சிசிக்கும் ஆண்டுக்கு 37.58 யூரோ வரி. 240 டி-க்குக் கணக்குப் போட்டால் 900 யூரோவைத் தாண்டும். அதே வண்டிக்கு 30 வயது ஆகி, நல்ல நிலையில், ஒரிஜினலாக இருந்து, பாரம்பரிய வண்டிகளுக்குத் தரும் 'எச்' நம்பர் பிளேட் கிடைத்துவிட்டால் வரி ஆண்டுக்கு 191.73 யூரோதான். எஞ்சின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதே தொகை. புகை குறைந்த வண்டி என்று காட்டும் பசுமை ஸ்டிக்கரைக் கேட்கும் நகரப் பகுதிகளுக்குள்ளும் ஸ்டிக்கர் இல்லாமலே போகலாம்.

நான்காவது, தினமும் ஓட்டவா, ஞாயிற்றுக்கிழமை ஓட்டவா. பழைய வண்டிகளுக்கென்று உள்ள மலிவான காப்பீட்டில் பெரும்பாலும் வேறொரு கார் கையில் இருக்க வேண்டும், ஆண்டுக்கு இவ்வளவுதான் ஓட்டலாம் என்றெல்லாம் நிபந்தனை இருக்கும். கராஜ் உண்டா என்றும் கேட்பார்கள். நகரத்தில் கராஜ் வாடகை ஒரு வருடத்துக்கு என்ன ஆகும் என்று பார்த்துவிட்டு அப்புறம் வண்டி பாருங்கள்.

123 (1976–1985): புகழுக்குக் கொடுக்கும் விலை

கிட்டத்தட்ட 27 லட்சம் வண்டிகள் செய்தார்கள். அறிமுகமான காலத்தில் காத்திருப்போர் பட்டியல் நீண்டுபோய், ஓட்டிய வண்டியே புது விலைக்குக் கைமாறியது. பின்பக்கம் நீண்ட டி-மாடல் (இந்த டி ஆங்கில T, டீசலைச் சொல்லும் D அல்ல), கம்பெனி தானே செய்த முதல் எஸ்டேட். 1978 முதல் பிரேமனில் தயாரானது.

இதன் டீசல்கள் அவசரப்படாதவை. 200 டி ஆரம்பத்தில் 55 குதிரைசக்தி. நிற்கும் இடத்திலிருந்து நூறைத் தொட அரை நிமிடம் போல ஆகும். நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் சேரும்போது இது வேடிக்கையாக இருக்காது. 240 டி பரவாயில்லை. ஐந்து சிலிண்டர் 300 டி-தான் இன்றைய போக்குவரத்துக்கு ஈடுகொடுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் குளோ பிளக் சூடாகும்வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியை ஜெர்மானியர்கள், டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் பெயரால் 'ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம்' என்று கிண்டல் செய்வார்கள். வால்வு இடைவெளியையும் அவ்வப்போது கையால் சரிசெய்ய வேண்டும்.

பார்க்கப் போகும்போது ஒரு சோதனை. சாவியைத் திருப்பி அணைக்கும் டீசல் மாடல்களில், எஞ்சினை நிறுத்துவது மின்சாரம் இல்லை, வெற்றிடக் குழாய். கதவுப் பூட்டுகளும் அதே வெற்றிடத்தில்தான் வேலை செய்கின்றன. சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. பானட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதை அழுத்தினால் நின்றுவிடும். விற்பவர் பதறாமல் போய் அதை அழுத்தினார் என்றால், அவருக்கு இது பழக்கம் என்று அர்த்தம். ரப்பர் குழாயை மாற்றினால் தீரும் விஷயம்தான். ஆனால் அதைக்கூடச் செய்யாதவர் வேறு எதையெல்லாம் விட்டுவைத்திருப்பார் என்று யோசியுங்கள்.

துரு இருக்கும் இடங்கள்: ஜாக்கி வைக்கும் குழிகள், கதவுக்கடியில் உள்ள பக்கவாட்டுத் தகரம், முன் மட்கார்டின் அடிப்பாகம், கண்ணாடியின் மூலைகள். பெட்ரோல் வேண்டுமென்றால் 230 ஈ நல்ல தேர்வு. 250-ஐ விட்டுவிடுங்கள், அதன் சோலெக்ஸ் 4ஏ1 கார்புரேட்டரைச் சரியாக ஒத்திசைக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள்.

மறைந்திருக்கும் செலவு உள்ளலங்காரத்திலும் குரோமிலும் இருக்கிறது. ஷ்டுட்கார்ட் பக்கத்து ஃபெல்பாக்கில் 1993 முதல் கம்பெனி நடத்தும் பழைய வண்டி மையம் இருக்கிறது. சேசிஸ் எண்ணைச் சொன்னால் வியக்கும் அளவுக்குப் பாகம் கிடைக்கும். விலையைக் கேட்டாலும் வியப்பீர்கள்.

கராஜ் இருக்கிறது, தினசரிக்கு வேறு வண்டி இருக்கிறது, வாங்கியதை நாளைக்கு விற்றாலும் நஷ்டப்படக் கூடாது என்றால் 123 எடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு விட இது வேண்டாம். 1980-களில் ஏபிஎஸ்ஸும் ஏர்பேகும் இதற்குக் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் விருப்பங்களாக இருந்தன. பெரும்பாலான வண்டிகளில் இரண்டும் இருக்காது.

124 (1984–1995): ஓட்டுகிறவர்களின் தேர்வு

என் மனம் எந்தப் பக்கம் என்று மறைக்க வேண்டியதில்லை, மூன்றில் இதுதான். புரூனோ சாக்கோ தலைமையில் வரைந்த வடிவம். காற்றுத் தடையைச் சொல்லும் எண் (குறைந்தால் நல்லது) சுமார் 0.30, எண்பதுகளின் நடுவில் அது பெரிய சாதனை. முன்கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர். அது மூலைகளில் நீண்டு, நடுவில் சுருங்கி, கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைக்கும். அந்த இயந்திரத்துக்கு அவ்வப்போது கிரீஸ் வைக்காவிட்டால் முனகும். பின்சக்கரங்களை ஐந்து தண்டுகள் தனித்தனியே பிடித்திருக்கும் அச்சு, 1982-இன் 190 மாடலிலிருந்து வந்தது. 123-லிருந்து இறங்கி இதில் ஏறினால் இன்றைய வண்டியில் உட்கார்ந்த மாதிரியே இருக்கும்.

டீசலில் 250 டி, 300 டி இரண்டும் அருமை. வால்வைக் கையால் சரிசெய்யும் வேலை கிடையாது. எஞ்சின் ஓட மின்னணுவை அதிகம் நம்பியிருக்காது. 200 டி 72 குதிரைசக்தி, பொறுமைசாலிகளுக்கு.

இதிலும் ஆண்டு பார்த்து வாங்க வேண்டும், அதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். 1993-இல் முகம் மாற்றி, ஈ-கிளாஸ் என்று பெயரும் வைத்தார்கள். பார்க்க அழகு, விளம்பரத்தில் விலையும் கூடுதல். ஆனால் ஏறத்தாழ 1992 முதல் 1995 வரையிலான பெட்ரோல் எஞ்சின்களின் வயர் கட்டில், மண்ணில் மக்கும் ரக உறையைப் போட்டுவிட்டார்கள். சொன்னபடி அது மக்கியது. மண்ணில் இல்லை, எஞ்சின் சூட்டில். பானட்டைத் திறந்து, எஞ்சின் பக்கமுள்ள வயர் ஒன்றை லேசாக வளைத்துப் பாருங்கள். உறை ரொட்டித் துணுக்கு போல விரலில் உதிர்ந்தால், புது வயர் கட்டின் விலையை அங்கேயே கழித்துப் பேசுங்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால் புதிய கட்டில் தேதி போட்ட சீட்டு இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கள். அதே காலத்தில் தண்ணீர் கலந்த பெயின்ட்டுக்கும் மாறினார்கள். கடைசி ஆண்டு வண்டிகள் முந்தையவற்றைவிடச் சீக்கிரம் துருப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1989 இறுதியிலிருந்து கதவுகளின் கீழ்ப்பாதியில் அகலமான பிளாஸ்டிக் பட்டை வந்தது. பிரியர்கள் அதை 'சாக்கோ பலகை' என்பார்கள். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஜாக்கி குழியின் சின்ன மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மூடியோடு சிவப்புத் தூள் கொட்டினால் பலகைக்குப் பின்னாலும் அதே கதைதான்.

நான்கு சக்கர இயக்கமுள்ள 4மேட்டிக் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு நகருங்கள். எஸ்டேட் மாடலில் பின்பக்கம் தானாக உயரம் சரிசெய்யும் ஹைட்ராலிக் அமைப்பு இருக்கிறது. அதன் உருண்டைகள் செத்துப்போனால் வண்டி வேகத்தடையில் குதிக்கும். மாற்றக்கூடியதுதான், பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஓட்ட வேண்டும், குடும்பமும் ஏற வேண்டும், பழைய வண்டியின் கனமும் வேண்டும் என்பவர்களுக்கு 1992-க்கு முந்தைய 124 டீசல். சலூன்கள் 30 வயதைத் தாண்டிவிட்டதால் 'எச்' பிளேட்டுக்கும் வழி இருக்கிறது.

210 (1995–2002): தள்ளுபடியில் கிடைக்கும் கெட்ட பெயர்

நான்கு முட்டை வடிவ விளக்குகளோடு வந்தபோது முகம் சுளித்தவர்கள் உண்டு; ஆனாலும் நன்றாகவே விற்றது. உட்கார வசதி, சத்தமின்மை, பாதுகாப்பு எல்லாவற்றிலும் மூன்றில் இதுவே முன்னால். விலையும் மூன்றில் மலிவு. ஏன் மலிவு என்றால் துரு.

மட்கார்ட், கதவின் அடி, டிக்கி மூடி எல்லாம் கண்ணுக்குத் தெரியும், அவை அழகுக் குறைதான். கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது: முன்பக்கச் சுருள்வில்லை மேலே தாங்கும் கிண்ணம். உள்தகரத்தில் பற்றவைத்து, மேலே தார் மாதிரிப் பூச்சு போட்டிருப்பார்கள். பூச்சுக்கடியில் நீர் புகுந்து, வருடக்கணக்கில் அரித்து, ஒருநாள் கிண்ணம் பிய்த்துக்கொள்ளும். அந்த மூலை அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிடும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சு கொப்புளம் போல எழும்பியிருந்தால், ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். கணீரென்று வந்தால் சரி. சத்தமே வராமல் மெத்தென்று இருந்தால் நன்றி சொல்லிக் கிளம்புங்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால் இரண்டு பக்கமும் மாற்றினார்களா என்று கேளுங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை 300 டர்போடீசலின் ஆறு சிலிண்டர் எஞ்சின், 177 குதிரைசக்தி, கம்பெனி செய்த மிக நல்ல டீசல்களில் ஒன்று. அதன் குளோ பிளக்குகள் இறுகிப்போய், கழற்றும்போது உள்ளேயே முறியும். மாற்றப்பட்ட பில் இருந்தால் அதற்குத் தனி மரியாதை கொடுக்கலாம். 1998-க்குப் பிறகு வந்த சிடிஐ என்ற டீசல் எஞ்சின்களில் இன்ஜெக்டரைச் சுற்றிக் கரித்தார் போலக் கசிந்து கெட்டியாகியிருக்கிறதா என்று பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தானியங்கி கியரின் எண்ணெயை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று அன்று சொன்னார்கள். யாருடைய ஆயுள் என்று சொல்லவில்லை. மாற்றாத வண்டியென்றால் அந்தச் செலவையும் சேருங்கள்.

நுழைவு விஷயம் விசித்திரமானது. ஷ்டுட்கார்ட் நகரத்தில் 2019 ஜனவரி 1 முதல் யூரோ 4 என்ற புகை அளவுகோல் வரையிலான டீசல்களுக்குத் தடை வந்தது. ஆகவே 2000-ஆம் ஆண்டு 220 சிடிஐ, தான் பிறந்த கம்பெனியின் ஊருக்குள் நுழைய முடியாது. 'எச்' பிளேட் மாட்டிய 1982-இன் 240 டி புகை விட்டுக்கொண்டே போகலாம். 210-களில் முதல் ஆண்டு வண்டிகள் மட்டுமே 30-ஐத் தொடத் தொடங்கியிருக்கின்றன. வயது வந்தாலும் துருப்பிடித்ததற்கு 'எச்' கிடைக்காது.

கிராமப்புறத்தில் இருக்கிறீர்கள், பெரிய நகரங்களுக்குள் போகும் தேவையில்லை, சில ஆண்டுகள் வசதியாக ஓட்டிவிட்டுக் கைகழுவ வண்டி வேண்டும் என்றால் 210 நல்ல கணக்கு. வயதான ஒருவர் கராஜில் வைத்து ஓட்டிய பெட்ரோல் வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒரே பார்வையில்

| | 123 | 124 | 210 |
|---|---|---|---|
| வாங்கும் விலை | மூன்றில் அதிகம் | நடுத்தரம், ஏறுகிறது | மூன்றில் குறைவு |
| துரு | உண்டு, கண்ணில் படும் | முந்தைய ஆண்டுகளில் குறைவு | மோசம், மறைவிடத்தில் |
| மின்சாரம், வயர் | எளிமை. வெற்றிடக் கசிவு | 1992–95 பெட்ரோலில் வயர் கட்டு | மின்னணு அதிகம் |
| எடுக்க வேண்டியது | 300 டி, 230 ஈ | 250 டி, 300 டி | 300 டர்போடீசல் |
| தவிர்க்க வேண்டியது | 250 | 4மேட்டிக் | சுருள்வில் கிண்ணம் தெரியாத எதுவும் |
| 'எச்' பிளேட் | எல்லாவற்றுக்கும் வயது உண்டு | சலூன் எல்லாவற்றுக்கும் | இப்போதுதான் தொடக்கம் |
| பழுது பார்ப்பவர் | ஸ்பேனர் மெக்கானிக் | இரண்டும் தெரிந்தவர் | கருவி உள்ள பட்டறை |

இந்தியாவில் வாங்குகிறவர்களுக்கு

அங்கே பேச்சு வேறு. மெர்சிடீஸ்-பென்ஸ் இந்தியா 1994-இல் தொடங்கி, 1995-இல் புனேயில் முதலில் பாகங்களைப் பூட்டிச் செய்த வண்டி இந்த 124-தான். ஈ 220 பெட்ரோலும் ஈ 250 டீசலும். உப்புக் கொட்டாத சாலை என்பதால் தகரம் பெரும்பாலும் தேறும். ஆனால் ஈ 220 சரியாக அந்த வயர் கட்டுக் காலத்து எஞ்சின். நம் ஊர் வெயிலில் உறை உதிர்வதற்குக் கேட்கவே வேண்டாம். விரலால் வளைத்துப் பார்க்கும் சோதனை அங்கேயும் அதேதான். டீசல் கிடைத்தால் டீசலையே எடுங்கள். பதிவைப் புதுப்பித்த தேதியையும் தகுதிச் சான்றையும் ஆர்.சி. புத்தகத்தில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.